சென்னைப் பல்கலைக் கழகம்: திருத்தணியிலிருந்து ஒரு பார்வை

செப்டம்பர் 5 என்றதும் எல்லோருக்கும் நினைவுக்கு வருவது ஆசிரியர் தினம். 1888-ஆம் ஆண்டு திருத்தணியில் பிறந்த சர்வபள்ளி ராதாகிருஷ்ணனின் பிறந்த நாள் அது. அதே தேதிக்கு இன்னொரு சிறப்பும் உண்டு. அவர் பிறப்பதற்கு 31 ஆண்டுகளுக்கு முன்பு, 1857-ஆம் ஆண்டு செப்டம்பர் 5-ஆம் நாள் தான் சட்டத்தின் மூலம் சென்னைப் பல்கலைக் கழகம் நிறுவப்பட்டது.

தேதி ஒன்றாக அமைந்தது தற்செயல். ஆனால் ஊருக்கும் பல்கலைக் கழகத்துக்கும் உள்ள உறவு தற்செயல் அல்ல. திருத்தணியில் தொடங்கி, திருப்பதியிலும் வேலூரிலும் படித்து, சென்னைக் கிறித்தவக் கல்லூரிக்கு வந்து சேர்ந்த ராதாகிருஷ்ணன் பெற்ற பட்டம் இந்தப் பல்கலைக் கழகத்தின் பட்டமே. இன்று திருத்தணி அருள்மிகு சுப்பிரமணிய சுவாமி அரசு கலைக் கல்லூரியில் பி.காம். படிக்கும் மாணவர் கையில் வாங்கப் போவதும் அதே பல்கலைக் கழகத்தின் பட்டம் தான்.

ஆனால் இப்படிப்பட்ட ஊர்களில் படிக்கும் பெரும்பாலான மாணவர்களுக்குப் பல்கலைக் கழகம் என்றால் மூன்று விஷயங்கள் மட்டுமே. ஹால் டிக்கெட், ரிசல்ட், மார்க் ஷீட். மெரினா கடற்கரைக்கு எதிரே உள்ள சிவப்புக் கட்டிடத்துக்குள் என்ன நடக்கிறது, அங்கே என்னென்ன கண்டுபிடிக்கப்பட்டது, யாருடைய பணத்தில் அது நடக்கிறது என்பது பலருக்கும் தெரியாது. அதைச் சொல்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

70,000 கையெழுத்துகள்

சென்னைப் பல்கலைக் கழகத்தின் கதை 1857-க்கு முன்பே தொடங்கி விடுகிறது. 1839-ஆம் ஆண்டு நவம்பர் 11-ஆம் நாள் சென்னை மக்கள் சார்பில் ஆளுநர் எல்பின்ஸ்டன் பிரபுவிடம் ஒரு மனு கொடுக்கப்பட்டது. மேல்நிலைக் கல்விக்கு ஒரு நிறுவனம் வேண்டும் என்பது கோரிக்கை. அதில் சுமார் 70,000 பேர் கையெழுத்திட்டிருந்தார்கள். தொலைபேசி கிடையாது, ரயில் கிடையாது. அந்தக் காலத்தில் 70,000 கையெழுத்து என்பது சாதாரண விஷயம் அல்ல. அப்போது அரசு வழக்கறிஞராக இருந்த ஜார்ஜ் நார்ட்டன் இந்த முயற்சியில் முன் நின்றார். 1840 ஜனவரியில் அவரைத் தலைவராகக் கொண்டு ஒரு பல்கலைக் கழக வாரியம் அமைக்கப்பட்டது. 1841-ல் ஓர் உயர்நிலைப் பள்ளி திறக்கப்பட்டது. அதுவே பின்னாளில் மாநிலக் கல்லூரியாக வளர்ந்தது.

ஆனாலும் பல்கலைக் கழகம் உடனே வரவில்லை. 1854-ல் சார்லஸ் உட் அனுப்பிய கல்வி அறிக்கைக்குப் பிறகு தான் கம்பெனி அரசு அசைந்தது. கல்கத்தா, பம்பாய், சென்னை மூன்று நகரங்களிலும் 1857-ல் பல்கலைக் கழகங்கள் தோன்றின. வட இந்தியாவில் சிப்பாய்ப் புரட்சி நடந்து கொண்டிருந்த அதே ஆண்டு தான் இது. ஆளுநர் ஹாரிஸ் பிரபு முதல் வேந்தர். தலைமை நீதிபதி கிறிஸ்டோபர் ராலின்சன் முதல் துணைவேந்தர்.

இங்கே ஒரு விஷயத்தைக் கவனிக்க வேண்டும். இந்த மூன்று பல்கலைக் கழகங்களும் ஆக்ஸ்போர்டு, கேம்பிரிட்ஜ் போல அமைக்கப்படவில்லை. அன்றைய லண்டன் பல்கலைக் கழகத்தைப் பார்த்து அமைக்கப்பட்டன. லண்டன் முறையில் பல்கலைக் கழகம் பாடம் நடத்தாது. பாடம் நடத்துவது கல்லூரிகள். பல்கலைக் கழகம் பாடத் திட்டம் வகுக்கும், கேள்வித்தாள் தயாரிக்கும், விடைத்தாள் திருத்தும், பட்டம் கொடுக்கும். அவ்வளவு தான். அதாவது, சென்னைப் பல்கலைக் கழகம் பிறந்த போது அது ஒரு தேர்வு நடத்தும் அலுவலகம். வகுப்பறை இல்லை, ஆய்வுக்கூடம் இல்லை, பேராசிரியர் இல்லை. ஏன், சொந்தக் கட்டிடம் கூட இல்லை.

மெரினா எதிரே இன்று கம்பீரமாக நிற்கும் செனட் ஹவுஸ் 1874-ல் தொடங்கி 1879-ல் கட்டி முடிக்கப்பட்டது. கட்டிடக் கலைஞர் ராபர்ட் சிஸ்ஹோம். இந்திய, இஸ்லாமிய, ஐரோப்பிய பாணிகளைக் கலந்து கட்டப்பட்ட இந்தோ சாரசெனிக் கட்டிடங்களில் இது முக்கியமானது. பட்டமளிப்பு விழாவும் தேர்வும் நடத்தத்தான் அந்தப் பெரிய மண்டபம் தேவைப்பட்டது.

தேர்வின் நன்மை

தேர்வு மட்டும் நடத்தும் பல்கலைக் கழகம் என்றதும் அதைக் குறைவாக நினைக்கத் தோன்றும். ஆனால் அதில் ஒரு பெரிய நன்மை இருந்தது. கல்லூரி எங்கே இருந்தாலும் பரவாயில்லை. கும்பகோணத்தில் படித்தவரும், திருச்சியில் படித்தவரும், ராஜமுந்திரியில் படித்தவரும் ஒரே கேள்வித்தாளை எழுதினார்கள், ஒரே பட்டத்தைப் பெற்றார்கள். பெரிய நகரத்தில் பிறக்காதவருக்கும் ஒரு வழி திறந்தது.

இதற்கு நல்ல உதாரணம் முதல் பட்டதாரிகளே. சென்னைப் பல்கலைக் கழகத்தின் முதல் பி.ஏ. பட்டதாரிகள் இருவர். சி.வை. தாமோதரம் பிள்ளை, கரோல் விசுவநாத பிள்ளை. இருவருமே யாழ்ப்பாணத்துக்காரர்கள்! கடல் தாண்டி வந்த இருவர் தான் சென்னையின் முதல் பட்டதாரிகள் என்பது இன்றும் பலருக்கு வியப்பாக இருக்கும். இவர்களில் தாமோதரம் பிள்ளை பின்னாளில் அரசுப் பணியில் இருந்து கொண்டே பழைய ஓலைச் சுவடிகளைத் தேடிப் பதிப்பித்தார். 1887-ல் அவர் பதிப்பித்த கலித்தொகை, சங்க இலக்கியப் பதிப்பு வரலாற்றில் ஒரு மைல்கல். அவருக்கு அந்த ஆராய்ச்சியைப் பல்கலைக் கழகம் கற்றுக் கொடுக்கவில்லை. அது பட்டம் மட்டுமே கொடுத்தது. ஆராய்ச்சியை அவர் தன் சொந்த ஆர்வத்தாலும் சொந்தச் செலவாலும் செய்தார்.

அன்றைய பல்கலைக் கழகத்தின் எல்லை மிகப் பெரியது. இன்றைய தமிழ்நாடு, ஆந்திரா, கேரளா, கர்நாடகாவின் பல பகுதிகள், ஒடிசாவின் தென் பகுதி, இலங்கை வரை அதன் தேர்வுகள் எட்டின. அந்தப் பெரிய வரைபடத்தில் திருத்தணி ஒரு சிறு புள்ளி. அங்கிருந்து புறப்பட்ட ராதாகிருஷ்ணன், வேலூர் ஊரிஸ் கல்லூரி வழியாகச் சென்னைக்கு வந்து தத்துவத்தில் எம்.ஏ. பட்டம் பெற்றார். வேதாந்தத்தின் அறநெறி பற்றி அவர் எழுதிய ஆய்வேடு 1908-ல் நூலாக வந்தது. அப்போது அவருக்கு வயது 20.

தேர்வின் தீமை

அதே தேர்வு முறைக்கு இன்னொரு பக்கமும் இருந்தது. அதற்கு உதாரணம் சீனிவாச ராமானுஜன்.

கும்பகோணம் கல்லூரியிலும் பிறகு சென்னை பச்சையப்பன் கல்லூரியிலும் ராமானுஜன் எஃப்.ஏ. வகுப்பில் படித்தார். கணக்கில் அவரை மிஞ்ச ஆள் இல்லை. மற்ற பாடங்களில் அவருக்கு மனம் ஓடவில்லை. பல்கலைக் கழக விதி என்ன? எல்லாப் பாடத்திலும் தேற வேண்டும். அவர் தேறவில்லை. உலகமே வியக்கப் போகும் ஒரு கணித மேதையைச் சென்னைப் பல்கலைக் கழகத்தின் தேர்வு முறை ஃபெயில் ஆக்கியது. 1912-ல் சென்னைத் துறைமுகக் கழகத்தில் மாதம் 30 ரூபாய் சம்பளத்தில் குமாஸ்தாவாகச் சேர்ந்தார்.

ஆனால் கதை அத்தோடு முடியவில்லை. 1913 ஜனவரியில் அவர் கேம்பிரிட்ஜ் பேராசிரியர் ஹார்டிக்குக் கடிதம் எழுதினார். இந்திய வானிலைத் துறையின் தலைவராக இருந்த கில்பர்ட் வாக்கர் சென்னைக்கு வந்த போது ராமானுஜனின் நோட்டுப் புத்தகங்களைப் பார்த்துப் பல்கலைக் கழகத்துக்குப் பரிந்துரை செய்தார். 1913 மே மாதம் முதல் ராமானுஜனுக்கு இரண்டு ஆண்டுகளுக்கு மாதம் 75 ரூபாய் ஆராய்ச்சி உதவித் தொகை கொடுக்கப் பல்கலைக் கழகம் முடிவு செய்தது. பட்டம் இல்லாத ஒருவருக்கு! மூன்று மாதத்துக்கு ஒரு முறை ஆராய்ச்சி அறிக்கை கொடுக்க வேண்டும் என்பது மட்டுமே நிபந்தனை. அடுத்த ஆண்டு அவர் கேம்பிரிட்ஜ் செல்லவும் பல்கலைக் கழகம் ஆண்டுக்கு 250 பவுண்டு கொடுத்தது.

ஒரே பல்கலைக் கழகம் தான். ஒரு கை அவரைத் தோற்கடித்தது, மறு கை அவரைத் தூக்கி விட்டது. முதல் கை தேர்வு, மறு கை ஆராய்ச்சி. சென்னைப் பல்கலைக் கழகத்தின் 20-ஆம் நூற்றாண்டு வரலாறு முழுவதும் இந்த இரண்டு கைகளின் கதை என்றால் மிகையாகாது.

ஆராய்ச்சி வந்த கதை

1904-ல் வந்த இந்தியப் பல்கலைக் கழகச் சட்டம், பல்கலைக் கழகங்கள் தாங்களே பாடம் நடத்தவும் ஆராய்ச்சி செய்யவும் வழி திறந்தது. 1912-ல் கிடைத்த நிதியைக் கொண்டு இந்திய வரலாறு மற்றும் தொல்லியல், மொழியியல், இந்தியப் பொருளாதாரம் ஆகிய துறைகளைத் தொடங்கும் வேலை ஆரம்பித்தது. 1923-ஆம் ஆண்டின் சென்னைப் பல்கலைக் கழகச் சட்டம் அதை ஒரு கற்பிக்கும் பல்கலைக் கழகமாகவே மாற்றி அமைத்தது.

வணிகவியல், பொருளாதாரம் படிப்பவர்கள் கட்டாயம் தெரிந்து கொள்ள வேண்டிய ஒருவர் கில்பர்ட் ஸ்லேட்டர். 1915-ல் இங்கிலாந்திலிருந்து வந்து இந்தியப் பொருளாதாரத் துறையின் முதல் பேராசிரியரானார். வந்தவர் புத்தகத்தை மட்டும் வைத்துப் பாடம் நடத்தவில்லை. மாணவர்கள் கையில் கேள்விப் பட்டியலைக் கொடுத்து, 'உங்கள் கிராமங்களுக்குப் போங்கள். யாரிடம் எவ்வளவு நிலம் இருக்கிறது, எவ்வளவு கடன் இருக்கிறது, கூலி எவ்வளவு, என்ன விளைகிறது என்று கேட்டு எழுதி வாருங்கள்' என்ற முறையில் அனுப்பி வைத்தார். அப்படி எழுதி வந்த அறிக்கைகள் தொகுக்கப்பட்டு 1918-ல் நூலாக வெளிவந்தன. விழுப்புரம் பக்கத்தில் உள்ள இருவேல்பட்டு, காஞ்சிபுரத்துக்கு அருகே உள்ள தூசி, நெல்லைச் சீமையின் கங்கைகொண்டான் போன்ற ஊர்கள் அதில் இடம் பெற்றன.

இதன் மதிப்பு பிறகு தான் தெரிந்தது. 1930-களில் பேராசிரியர் பி.ஜே. தாமஸும் கே.சி. ராமகிருஷ்ணனும் அதே கிராமங்களில் மறு ஆய்வு நடத்தினார்கள். அதற்குப் பின்னும் வெவ்வேறு ஆய்வாளர்கள் அந்த ஊர்களுக்குத் திரும்பத் திரும்பப் போனார்கள். இருவேல்பட்டில் 1980-களிலும் 2008-லும் கூட ஆய்வு நடந்தது. ஒரே கிராமத்தின் 90 ஆண்டு மாற்றத்தைப் பார்க்க முடிகிற வாய்ப்பு உலகத்தில் மிகச் சில இடங்களுக்கே உண்டு. அதற்கு விதை போட்டவர்கள் விடுமுறையில் ஊருக்குப் போன கல்லூரி மாணவர்கள் என்பது குறிப்பிடத்தக்கது.

அடுத்து தமிழ்ப் பேரகராதி. அதாவது தமிழ் லெக்சிகன். மிரான் வின்சுலோ 1862-ல் வெளியிட்ட அகராதிக்குப் பிறகு ஒரு முழுமையான அகராதி வேண்டும் என்ற நோக்கில் 1913-ல் ஜே.எஸ். சாண்ட்லர் என்ற பாதிரியாரைப் பதிப்பாசிரியராகக் கொண்டு வேலை தொடங்கியது. 1926 முதல் பேராசிரியர் எஸ். வையாபுரிப் பிள்ளை பொறுப்பேற்றார். 1924 முதல் 1936 வரை 6 தொகுதிகள் வெளிவந்தன, 1939-ல் ஓர் இணைப்புத் தொகுதியும் வந்தது. ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட சொற்கள். இன்று இணையத்தில் தமிழ்ச் சொல்லுக்குப் பொருள் தேடுபவர்கள் பலர் தெரிந்தோ தெரியாமலோ இந்த அகராதியைத் தான் புரட்டிக் கொண்டிருக்கிறார்கள்.

நூலகத்துக்கும் ஒரு வரலாறு உண்டு. மாநிலக் கல்லூரியில் கணித ஆசிரியராக இருந்த எஸ்.ஆர். ரங்கநாதன் 1924-ல் பல்கலைக் கழகத்தின் நூலகர் ஆனார். லண்டன் சென்று பயிற்சி பெற்றுத் திரும்பியவர், 1931-ல் 'நூலக அறிவியலின் ஐந்து விதிகள்' என்ற நூலையும், 1933-ல் கோலன் பகுப்பு முறையையும் வெளியிட்டார். இந்திய நூலகவியலின் தந்தை என்று அவர் அழைக்கப்படுவது இதனால் தான். வரலாற்றுத் துறையில் கே.ஏ. நீலகண்ட சாஸ்திரி 1930-களில் எழுதிய சோழர் வரலாறு, அத்துறையில் நுழையும் எவரும் தாண்டிச் செல்ல முடியாத நூலாயிற்று.

கிண்டியில் ஒரு கண்டுபிடிப்பு

1942 முதல் 1969 வரை 27 ஆண்டுகள் துணைவேந்தராக இருந்தவர் டாக்டர் ஏ. இலட்சுமணசாமி முதலியார். புதிய இயற்பியல் துறைக்குத் தலைமை ஏற்க அவர் முதலில் அழைத்தது சர் சி.வி. ராமனை. ராமன் தன்னால் வர இயலாது என்று கூறித் தன் மாணவர் ஜி.என். ராமச்சந்திரனின் பெயரைச் சொன்னார். 1952-ல் ராமச்சந்திரன் வந்து பொறுப்பேற்ற போது அவருக்கு வயது 30.

அந்த ஆண்டு சென்னைக்கு வந்த விஞ்ஞானி ஜே.டி. பெர்னால், கொலாஜன் என்ற புரதத்தின் அமைப்பு இன்னும் யாருக்கும் சரியாகப் பிடிபடவில்லை என்று சொன்னார். நம் தோல், எலும்பு, தசைநார் எல்லாவற்றிலும் இருக்கும் புரதம் அது. ராமச்சந்திரன் அதைப் பிடித்துக் கொண்டார். பல்கலைக் கழகத்தின் கிண்டி வளாகத்துக்குப் பக்கத்திலேயே மத்திய தோல் ஆராய்ச்சி நிறுவனம் இருந்ததால் கொலாஜன் மாதிரிகள் கிடைத்தன. ஆஸ்திரேலியாவிலிருந்து கங்காருவின் வால் தசைநார் கூட வரவழைக்கப்பட்டது. 1954-ல் அவரும் கோபிநாத் கர்த்தாவும், கொலாஜன் மூன்று இழைகள் முறுக்கிக் கொண்ட அமைப்பு உடையது என்று 'நேச்சர்' இதழில் எழுதினார்கள். 1963-ல் சி. ராமகிருஷ்ணன், வி. சசிசேகரன் ஆகியோருடன் அவர் வெளியிட்ட வரைபடம் 'ராமச்சந்திரன் வரைபடம்' என்றே உலகம் முழுவதும் அழைக்கப்படுகிறது. எந்த நாட்டில் ஒரு புரதத்தின் அமைப்பைக் கண்டுபிடித்தாலும், அது சரியா என்று சோதிக்க இன்றும் அந்த வரைபடத்தில் வைத்துப் பார்க்கிறார்கள். அது உருவானது ஒரு மாநிலப் பல்கலைக் கழகத்தில், வெளிநாட்டு ஆய்வுக்கூடங்களோடு ஒப்பிட்டால் மிகக் குறைந்த வசதிகளோடு.

தாய்ப் பல்கலைக் கழகம்

தென்னிந்தியப் பல்கலைக் கழகங்களுக்கெல்லாம் தாய் என்று சென்னைப் பல்கலைக் கழகத்தைச் சொல்வது வழக்கம். 1916-ல் மைசூர், 1926-ல் ஆந்திரா, 1929-ல் சிதம்பரத்தில் அண்ணாமலை, 1937-ல் திருவிதாங்கூர், 1954-ல் திருப்பதியில் ஸ்ரீ வெங்கடேஸ்வரா, 1966-ல் மதுரை, 1978-ல் அண்ணா பல்கலைக் கழகம், 1982-ல் கோவை பாரதியார், திருச்சி பாரதிதாசன், 2002-ல் வேலூரில் திருவள்ளுவர் என்று ஒவ்வொன்றாகத் தோன்றத் தோன்றத் தாயின் எல்லை சுருங்கிக் கொண்டே வந்தது. ஆந்திரப் பல்கலைக் கழகத்தின் துணைவேந்தராக 1931 முதல் 1936 வரை இருந்தவர் வேறு யாரும் அல்ல, தாயிடம் படித்த ராதாகிருஷ்ணன் தான்.

இந்தச் சுருக்கத்தில் திருத்தணியின் கதை தனியானது. வட ஆற்காடு மாவட்டத்தில் இருந்த ஊர், 1911-ல் சித்தூர் மாவட்டம் உருவான போது அதில் சேர்ந்தது. 1953 அக்டோபர் 1-ஆம் நாள் ஆந்திர மாநிலம் பிரிந்த போது சித்தூரோடு திருத்தணியும் ஆந்திராவுக்குப் போனது. அடுத்த ஆண்டு திருப்பதியில் ராயலசீமைப் பகுதிக்கென்று புதிய பல்கலைக் கழகம் வந்தது. ம.பொ. சிவஞானம் தலைமையில் வடக்கெல்லைப் போராட்டம் நடந்தது. இந்தப் பகுதியில் ஊர் ஊராகச் சென்று தமிழ் கற்பித்த மங்கலங்கிழார் போன்ற ஆசிரியர்கள் அதற்கு முன்பே களம் அமைத்திருந்தார்கள். படாஸ்கர் பரிந்துரையின்படி 1960 ஏப்ரல் 1-ஆம் நாள் திருத்தணி மீண்டும் சென்னை மாநிலத்தோடு இணைந்தது.

எல்லைப் போராட்டத்தை மொழிக்கும் கோயிலுக்கும் நடந்த போராட்டமாக மட்டுமே பலரும் பார்க்கிறார்கள். ஆனால் ஓர் ஊர் எந்த மாநிலத்தில் இருக்கிறது என்பது, அந்த ஊர்ப் பிள்ளைகள் எந்த மொழியில் படிப்பார்கள், எந்தப் பல்கலைக் கழகத்தின் தேர்வை எழுதுவார்கள் என்பதையும் முடிவு செய்கிறது. திருத்தணி பெற்றோர்களுக்கு 1960-ல் அது வயிற்றுப் பிழைப்புக்கான கேள்வியும் கூட.

இன்று பல்கலைக் கழக வரைபடத்தைப் பார்த்தால் திருத்தணி மறுபடியும் எல்லையில் தான் நிற்கிறது. வடக்கே சில கிலோ மீட்டர் போனால் ஆந்திரா. தெற்கே ரயிலில் அடுத்த பெரிய ஜங்ஷனான அரக்கோணம் போனால் அது திருவள்ளுவர் பல்கலைக் கழகத்தின் பகுதி. சென்னையிலிருந்து சுமார் 85 கி.மீ. தள்ளி, திருவள்ளூர் மாவட்டத்தின் ஓரத்தில் உள்ள திருத்தணி சென்னைப் பல்கலைக் கழகத்தோடு இருக்கிறது.

வரவும் செலவும்

இனி கணக்குக்கு வருவோம். ஒரு பல்கலைக் கழகம் எப்படிப் பிழைக்கிறது?

இணைப்புக் கல்லூரிகளை உடைய பல்கலைக் கழகத்துக்கு வரவு மூன்று வழிகளில் வருகிறது. முதலாவது மாநில அரசின் மானியம். இரண்டாவது பல்கலைக் கழக மானியக் குழு முதலிய மத்திய அமைப்புகள் திட்டங்களுக்காகத் தரும் நிதி. மூன்றாவது சொந்த வரவு. அதாவது தேர்வுக் கட்டணம், இணைப்புக் கட்டணம், 1981-ல் தொடங்கிய தொலைதூரக் கல்வியின் கட்டணம் போன்றவை. செலவு என்று பார்த்தால் சம்பளம், ஓய்வூதியம், ஆய்வுக்கூடம், நூலகம், கட்டிடப் பராமரிப்பு. 160 ஆண்டுகளைத் தாண்டிய நிறுவனத்துக்கு ஓய்வூதியம் பெறுபவர்கள் நிறையப் பேர் இருப்பார்கள். புதிதாகத் தொடங்கும் தனியார் நிகர்நிலைப் பல்கலைக் கழகத்துக்கு அந்தச் சுமை இல்லை.

இப்படிப் பார்க்கும் போது ஓர் உண்மை புலப்படும். கிண்டியிலும் சேப்பாக்கத்திலும் தரமணியிலும் நடக்கும் ஆராய்ச்சிக்குப் பின்னால் சிறு ஊர் மாணவர்களின் தேர்வுக் கட்டணமும் இருக்கிறது. வணிகவியலில் இதைக் குறுக்கு மானியம் என்பார்கள். ஒரு பிரிவின் வரவு இன்னொரு பிரிவின் செலவைத் தாங்குவது. ஆராய்ச்சிக்கு உடனடி வருமானம் கிடையாது. ராமச்சந்திரன் வரைபடத்தை விற்று யாரும் பணம் வாங்கவில்லை. அதைத் தாங்கிப் பிடிக்க யாராவது வேண்டும்.

எல்லை சுருங்கச் சுருங்கக் கல்லூரிகள் குறைந்தன. பொறியியல் கல்லூரிகளும் மருத்துவக் கல்லூரிகளும் சட்டக் கல்லூரிகளும் தனித்தனிப் பல்கலைக் கழகங்களுக்குப் போயின. 1978 முதல் பெரிய கல்லூரிகள் ஒவ்வொன்றாகத் தன்னாட்சி பெற்றுத் தாங்களே தேர்வு நடத்தத் தொடங்கின. சொந்த வரவு குறைந்தது, ஓய்வூதியச் செலவு ஏறியது. தணிக்கை ஆட்சேபணைகளால் அரசு மானியமும் குறைந்தது.

இதன் விளைவு 2024-ன் தொடக்கத்தில் எல்லோர் கண்ணிலும் பட்டது. சுமார் 424 கோடி ரூபாய் வரி பாக்கி என்று கூறி வருமான வரித் துறை பல்கலைக் கழகத்தின் வங்கிக் கணக்குகளை முடக்கியது. இதில் உள்ள முரண்பாட்டைக் கவனியுங்கள். பெருமளவு அரசு நிதியில் இயங்கும் கல்வி நிறுவனத்துக்கு வரி விலக்கு உண்டு. அரசின் பங்கு குறைந்து விட்டதால் அந்த விலக்கு பொருந்தாது என்பது வரித் துறையின் வாதம். அரசு கொடுக்கும் பணம் குறைந்தது, அது குறைந்ததாலேயே வரியும் வந்து சேர்ந்தது! பேராசிரியர்களும் ஊழியர்களும் ஓய்வூதியர்களும் போராட்டத்தில் இறங்கினார்கள்.

நிர்வாகத்திலும் சிக்கல். 2023 ஆகஸ்டில் துணைவேந்தரின் பதவிக் காலம் முடிந்த பின், புதியவரைத் தேர்ந்தெடுக்கும் குழுவை அமைப்பதில் ஆளுநருக்கும் மாநில அரசுக்கும் இடையே கருத்து வேறுபாடு எழுந்தது. நியமனம் நீண்ட காலம் நடைபெறவில்லை. துணைவேந்தரை நியமிக்கும் அதிகாரம் யாருக்கு என்ற வழக்கு உச்ச நீதிமன்றம் வரை சென்றது. முதலியார் ஒருவரே 27 ஆண்டுகள் இருந்த நாற்காலி அது.

இத்தனைக்கும் நடுவில் 2023-ல் தேசிய மதிப்பீட்டுக் குழுவான நாக், சென்னைப் பல்கலைக் கழகத்துக்கு ஏ பிளஸ் பிளஸ் தரம் வழங்கியது. ஆராய்ச்சி நிற்கவில்லை என்பதற்கு அது சான்று. ஆனால் பழைய சொத்தில் எத்தனை நாள் வாழ முடியும்?

திருத்தணிக்கு இதில் என்ன?

சென்னையில் உள்ள ஒரு பல்கலைக் கழகம் கஷ்டப்பட்டால் திருத்தணிக்கு என்ன என்று கேட்கலாம். வசதி உள்ளவர்கள் தனியார் பல்கலைக் கழகத்துக்குப் போய் விடுவார்கள். லட்சக் கணக்கில் கட்ட முடியாத நெசவாளி வீட்டுப் பிள்ளையும் விவசாயக் கூலி வீட்டுப் பிள்ளையும் அரசு கலைக் கல்லூரிக்குத் தான் வர வேண்டும். அவர்கள் வாங்கும் பட்டத்தின் மதிப்பு, பட்டத்தில் இருக்கும் பெயரின் மதிப்பைப் பொறுத்தது. அந்தப் பெயருக்கு மதிப்பைத் தந்தது ராமானுஜனும் ரங்கநாதனும் ராமச்சந்திரனும். ஆராய்ச்சி நின்று போனால் மிஞ்சுவது 1857-ல் இருந்த தேர்வு அலுவலகம் மட்டுமே. அதை எந்த ஏஜென்சியும் நடத்தி விடலாம்.

எனவே இரண்டு பக்கமும் கடமை இருக்கிறது. அரசு, மானியத்தைத் தர்மமாக நினைக்காமல், சிறு ஊர்ப் பிள்ளைகளின் படிப்புக்குச் செய்யும் முதலீடாக நினைத்து உரிய காலத்தில் கொடுக்க வேண்டும். காலிப் பணியிடங்களை நிரப்ப வேண்டும். பல்கலைக் கழகமும் கேள்வித்தாளை அனுப்புவதோடு நின்று விடாமல், ஆராய்ச்சியை இணைப்புக் கல்லூரிகளுக்குக் கொண்டு வர வேண்டும்.

அதற்கு வெளிநாட்டைப் பார்க்க வேண்டியதில்லை. ஸ்லேட்டர் காட்டிய வழி நூறு ஆண்டுகளுக்கு முன்பே இருக்கிறது. திருத்தணியைச் சுற்றி ஆய்வு செய்யவா விஷயம் இல்லை? பொதட்டூர்பேட்டையிலும் பள்ளிப்பட்டு பக்கத்திலும் விசைத்தறிகள் ஓடுகின்றன. நூல் விலை ஏறும் போது ஒரு தறிக்காரரின் வரவு செலவு என்ன ஆகிறது? கரும்பு போட்டவருக்குப் பணம் எத்தனை மாதம் கழித்து வருகிறது? ஆடிக் கிருத்திகைக்குக் காவடி எடுத்து வரும் கூட்டத்தை நம்பி மலையடிவாரத்தில் எத்தனை குடும்பங்கள் கடை போட்டுப் பிழைக்கின்றன? ஒரே வீட்டில் தமிழும் தெலுங்கும் பேசும் எல்லை ஊரில் வியாபாரக் கணக்கு எந்த மொழியில் எழுதப்படுகிறது? ஒவ்வொரு பி.காம். மாணவரும் மூன்றாம் ஆண்டில் தன் ஊரைப் பற்றி இப்படி ஓர் அறிக்கை எழுதினால், இன்னும் 90 ஆண்டு கழித்து யாராவது அதைத் தேடி வருவார்கள். இருவேல்பட்டுக்கு வந்தது போல.

1839-ல் 70,000 பேர் கையெழுத்துப் போட்டுக் கேட்டு வாங்கிய பல்கலைக் கழகம் இது. கேட்டவர்களில் பெரும்பாலோர் அதன் வாசலைக் கூட மிதித்திருக்க மாட்டார்கள். தங்களுக்குப் பின் வரும் பிள்ளைகளுக்காகக் கேட்டார்கள். அந்தப் பிள்ளைகளின் வரிசையில் தான் இன்று திருத்தணியில் தேர்வுக் கட்டணம் கட்ட வரிசையில் நிற்கும் மாணவரும் நிற்கிறார். தான் கட்டும் பணம் ஒரு மார்க் ஷீட்டுக்கு மட்டும் அல்ல என்பதை அவர் அறிந்து கொள்ள வேண்டும். அதற்கு ஈடாக நல்ல நூலகத்தையும், நல்ல ஆசிரியரையும், தன் ஊரை ஆராயும் வாய்ப்பையும் கேட்க அவருக்கு முழு உரிமை உண்டு. மாணவர்கள் கேட்கத் தொடங்க வேண்டும்.